கடல்நீரும் தாதுக் குழம்பும்: ஒரு சிந்தனை

தமிழ்த்துறை மலரில் சுரங்கச் சேற்றைப் பற்றிய கட்டுரைக்கு இடம் ஏது என்று பெரியோர் சிலர் வினவக்கூடும். அவ்வினா நியாயமானதே. அறிவியல் கட்டுரையொன்றைத் தமிழாக்கம் செய்யும் பணியில் நாம் ஈடுபட்டிருந்தபோது 'ஸ்லரி' என்னும் ஒரு சொல் நம்மை இரண்டு நாள் நிறுத்தி வைத்தது. பொடித்த தாது நீரோடு கலந்து குழாயில் ஓடும் நிலையை அச்சொல் குறிக்கிறது. சேறு என்றால் அது கிடப்பது. கலங்கல் என்றால் மிகவும் நீர்த்தது. இறுதியில் 'தாதுக் குழம்பு' என்று எழுதினோம். கரண்டியை விட்டுக் கலக்குகிறபோது குழம்பு காட்டும் எதிர்ப்பு எத்தகையது என்பதை அடுப்பங்கரை அறிந்த எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. சொல் கிடைத்துவிட்டது, ஆனால் பொருள் விளங்கவில்லை. அக்கட்டுரை, நன்னீரில் ஒருவாறு ஓடும் குழம்பு கடல்நீரில் வேறொருவாறு ஓடும் என்று கூறியது. உப்புச் சேர்ந்தால் ஓட்டம் ஏன் மாறவேண்டும்? இவ்வையத்துடன் வேதியியல் துறை நண்பரை நாடினோம்.

அவர் நமக்கு விரிவுரை ஆற்றவில்லை. இரண்டு கண்ணாடி உருளைகளை எடுத்து, ஒன்றில் மழைநீரையும் மற்றொன்றில் கடற்கரையிலிருந்து கொணர்ந்த நீரையும் நிரப்பினார். குளத்துக் களிமண்ணை நன்கு உலர்த்திப் பொடித்து, இரண்டிலும் ஒரே அளவு இட்டுக் குலுக்கி வைத்தார். கடல்நீர் சிறிது நேரத்திலேயே தெளியத் தொடங்கியது. மாலைக்குள் மேற்பகுதி பளிங்காகிவிட்டது. மழைநீரோ மறுநாளும் கலங்கியே இருந்தது. அட, கடல்நீர்தான் சிறந்தது என்று நாம் சொல்லிவிட்டோம். நண்பர் சிரித்தார். "தெளிந்ததைப் பார்க்கிறீர்கள் ஐயா, அடியில் கிடப்பதைப் பாருங்கள்" என்றார். பல நாள் கழித்து மழைநீரில் படிந்த களி, அடியில் மெல்லிய, இறுகிய ஏடாகக் கிடந்தது. கடல்நீரில் படிந்ததோ பஞ்சுபோல் உப்பி, அதைவிடப் பன்மடங்கு உயரத்துக்கு நின்றது. அந்தப் பஞ்சினுள் அடைபட்டிருப்பது நீர்.

நாம் கூற விரும்புவதெல்லாம் அந்த இரண்டு உருளைகளில் இருக்கிறது. நன்னீர் அருகிவரும் இக்காலத்தில் தொழிற்சாலைகள் கடல்நீரைப் பயன்படுத்தட்டும் என்னும் குரல் எங்கும் ஒலிக்கிறது. நோக்கம் நல்லதே. எனினும் கடல்நீரை 'உப்புக் கலந்த நீர்' என்று மட்டும் எண்ணி, நன்னீருக்கென வகுத்த ஆலையில் அதனைப் பாய்ச்சிவிட முடியாது. எந்த நீரை எந்த மண்ணோடு கலக்கலாம் என்பதைக் கணக்கேட்டைக் கொண்டு முடிவு செய்வது தவறு. அந்த மண்ணையே அந்த நீரில் இட்டு அளந்து பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்பதே நமது கருத்து.

களிமண்ணின் துகள்கள் மிகமிக நுண்ணிய தட்டுகள். அவற்றின் முகங்களில் எதிர்மின்சுமை உண்டு. ஒத்த மின்சுமைகள் ஒன்றையொன்று விலக்குமாதலால் நன்னீரில் அவை நெருங்குவதில்லை. தனித்தனியே மிதந்து திரிகின்றன. நீரில் உப்பு மிகும்போது அயனிகள் அத்தட்டுகளைச் சூழ்ந்து மின்சுமையை மறைத்துவிடுகின்றன. அம்மறைப்பின் தடிமனைக் கணக்கிடும் வழியை டிபை, ஹக்கல் என்னும் இரு அறிஞர்கள் 1923இல் வகுத்தனர். அதன்படி, துகளின் விலக்கு விசை எட்டும் தொலைவு நன்னீரில் சில நானோமீட்டர் முதல் சில பத்து நானோமீட்டர் வரை இருக்கும். கடல்நீரிலோ அரை நானோமீட்டருக்கும் குறைவு. விலக்கு மறைந்ததும் துகள்களிடையே இயல்பாக உள்ள ஈர்ப்பு மேலோங்குகிறது. தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, சீட்டுக்கட்டு வீடுபோல் இடைவெளி மிகுந்த கூடுகளைக் கட்டுகின்றன. இதனை வேதியியல் நூல்கள் 'திரிதல்' என்கின்றன. பால் திரிவதைக் கண்ட எவரோ வைத்த அழகிய பெயர் அது. ஆறு கடலோடு கலக்கும் கழிமுகத்தில் வண்டல் படிவதற்கும் இத்திரிதல் ஒரு காரணம். நம் முன்னோர் தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் தேய்த்துக் கலங்கிய நீரைத் தெளியவைத்ததும் இவ்வகைச் செயலே. அங்கே உப்பின் இடத்தில் விதையிலிருந்து கசியும் பொருள் நின்று துகள்களைச் சேர்த்தது.

ஒரு கிலோ கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் உள்ளன. அதில் சோடியம் 10.8 கிராம், மக்னீசியம் 1.3 கிராம், கால்சியம் 0.4 கிராம். அளவில் குறைந்த பின்னிரண்டும் செயலில் வலியவை. இரட்டை மின்சுமை கொண்ட அயனிகள் ஒற்றை மின்சுமை கொண்டவற்றைவிடப் பன்மடங்கு திரிக்கும் ஆற்றல் உடையவை என்பதைச் சுல்ஸ் 1882இலும் ஹார்டி 1900இலும் காட்டிச் சென்றனர்.

இனிக் குழம்பின் ஓட்டத்துக்கு வருவோம். நீரைச் சிறிது சாய்த்தாலும் ஓடும். கெட்டியான களிக்குழம்பு அவ்வாறன்று. ஓர் அளவு விசை வரும்வரை அசையாது நின்று, அவ்வளவைக் கடந்ததும் ஓடத் தொடங்கும். தோசைமாவைச் சாய்த்தால் ஓடுகிறது. கேழ்வரகுக் களியைச் சாய்த்தால் ஓடுவதில்லை. அசையத் தொடங்குவதற்கு வேண்டிய இந்த அளவை நாம் 'தொடக்கத் தகைவு' எனலாம். அமெரிக்க வேதியியலார் பிங்காம் இத்தகைய பொருள்களின் ஓட்டத்தை ஆராய்ந்து, 1920களில் 'ரியாலஜி' என்னும் துறைக்குப் பெயரும் வடிவும் கிடைக்கக் காரணமானார். தமிழில் ஓட்டவியல் என்று வழங்கலாம். தொடக்கத் தகைவை அளக்க ஓர் எளிய கருவி போதும். நான்கு சிறகுகள் கொண்ட தண்டைக் குழம்பினுள் இறக்கி மெல்லத் திருப்பி, குழம்பு உடைந்து இளகும் கணத்தில் தண்டு உணரும் முறுக்கு விசையைக் குறித்துக்கொள்வதே அம்முறை. ஆஸ்திரேலியாவின் மெல்போர்னைச் சேர்ந்த நுயென், போகர் ஆகியோர் 1983இல் இதனை முறைப்படுத்தினர். கோடிக்கணக்கான பொருட்செலவில் எழும் ஆலைகளின் விதி, கீரை கடையும் மத்தினை ஒத்த இச்சிறு கருவி காட்டும் எண்ணில் அடங்கியிருக்கிறது.

இவையெல்லாம் உண்மையாகவே சோதனைக்கு உள்ளாகும் இடம் தென்னமெரிக்காவின் சிலி நாடு. உலகம் அகழ்ந்தெடுக்கும் செம்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அங்கிருந்து வருகிறது. அச்செம்பின் பெரும்பகுதி கிடக்கும் அட்டகாமா பாலைவனமோ உலகின் மிக வறண்ட நிலங்களுள் ஒன்று. ஆண்டு முழுவதும் பெய்யும் மழையைச் சில மில்லிமீட்டரில் எண்ணிவிடலாம். அங்கே மலைச்சரிவின் நிலத்தடி நீரையும் உப்பளச் சமவெளிகளின் ஓரத்து ஊற்றுகளையும் நம்பிப் பழங்குடி மக்கள் பன்னெடுங்காலமாக ஆடும் லாமாவும் மேய்த்து வாழ்ந்து வந்துள்ளனர். அந்த நீரைச் சுரங்கங்கள் உறிஞ்சத் தொடங்கியபோது வழக்குகளும் கண்ணீரும் பிறந்தன. ஆகவே, மேற்கே விரிந்து கிடக்கும் பசிபிக் கடலின்மேல் அனைவரின் பார்வையும் சென்றதில் வியப்பில்லை.

சுரங்கங்கள் இருவழிகளில் பிரிந்தன. எஸ்கோந்திதா என்னும் மாபெரும் சுரங்கம் கடல்நீரிலிருந்து உப்பை நீக்கிப் பயன்படுத்தும் வழியைக் கொண்டது. நொடிக்கு 2,500 லிட்டர் நீர் தரும் உப்புநீக்கும் ஆலையொன்றைக் கடற்கரையில் எழுப்பி, 3,000 மீட்டருக்கும் மேலான உயரத்துக்கு அந்நீரை ஏற்றியது. 2019ஆம் ஆண்டின் இறுதியில் ஆலைத் தேவைக்காக நிலத்தடி நீர் எடுப்பதை நிறுத்தியது. மற்றொரு வழி உப்பை நீக்காமலேயே பயன்படுத்துவது. முன்பு எஸ்பெரான்சா என்றும் 2014 முதல் சென்தினெலா என்றும் வழங்கும் சுரங்கம், கடல்நீரை அப்படியே 145 கிலோமீட்டர் குழாய்வழி கொணர்ந்து ஏறத்தாழ 2,300 மீட்டர் உயரத்தில் பயன்படுத்துகிறது.

இரண்டாம் வழியே சிக்கனமானது என்று தோன்றும். பலரும் அவ்வாறே பேசுகின்றனர். சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு டன் நீரை 3,000 மீட்டர் உயர்த்த, உராய்வு இழப்பு எதுவுமின்றியே 8 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டும். இன்றைய முறையில் கடல்நீரிலிருந்து ஒரு டன் நன்னீரைப் பிரிக்க 3 அல்லது 4 யூனிட்டே ஆகிறது. பெருஞ்செலவு மலையேற்றத்தில் இருக்கிறது, உப்புநீக்கத்தில் அன்று. கடல்நீர் இலவசம் என்று சொல்வோர் கடற்கரையில் நின்று பேசுகின்றனர். மலையுச்சியில் நின்று பேசவில்லை.

அவ்வளவு பாடுபட்டு ஏற்றிய நீர் எங்கே போகிறது? செம்புத் தாதுவில் செம்பு நூற்றுக்கு ஒரு பங்குகூடப் பல இடங்களில் இல்லை. தாதுவை மாவாக அரைத்து, நீரில் கலக்கி, காற்றுக் குமிழிகளில் செம்புத் துகள்களை ஒட்டவைத்து நுரையாக வழித்தெடுக்கின்றனர். எஞ்சிய தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது பங்கு மண், நீரோடு சேர்ந்த கழிவுக் குழம்பாக வெளியேறுகிறது. அக்குழம்பை அகன்ற வட்டத் தொட்டிகளில் படியவைத்து, மேலே தெளியும் நீரை ஆலைக்குத் திருப்புவர். அடியில் கெட்டிப்படுவதைக் குழாய்வழி கழிவணைக்கு அனுப்புவர். அணைக்குச் சென்ற நீரில் பெரும்பகுதி பாலைவன வெயிலுக்கும் மண்ணுக்கும் இரையாகிறது.

நாளொன்றுக்கு 1,00,000 டன் தாது அரைக்கும் ஆலையொன்றைக் கொள்வோம். தொட்டியின் அடியிலிருந்து வெளியேறும் குழம்பில் மண் 60 விழுக்காடு எனில் அதனோடு ஏறத்தாழ 66,700 டன் நீர் போகிறது. அதனை 65 விழுக்காடாகக் கெட்டிப்படுத்தினால் 53,800 டன் நீரே போகும். ஐந்தே விழுக்காட்டில் நாளுக்கு 12,800 டன் நீர் மிச்சம்; 2,300 மீட்டர் ஏற்றும் ஆலைக்கு, உராய்வைத் தள்ளியே, நாளுக்கு 80,000 யூனிட் மின்சாரம் மிச்சம்.

அப்படியானால் கெட்டிப்படுத்திவிட வேண்டியதுதானே என்று மாணவர் கேட்பர். இங்கேதான் கடல்நீர் குறுக்கே நிற்கிறது. மண்ணின் பங்கு கூடக்கூடத் தொடக்கத் தகைவு சீராக ஏறுவதில்லை. ஓர் எல்லைக்குப்பின் செங்குத்தாக ஏறுகிறது. கடல்நீரில் திரிந்த களியின் பஞ்சுக்கூடுகள் அந்த எல்லையை முன்னதாகவே கொண்டுவந்து நிறுத்துகின்றன. காரத்தன்மை உள்ள நன்னீரில் இளகி ஓடக்கூடிய வெண்களிக் குழம்பு, அதே கெட்டியில் கடல்நீரில் எழுந்து நிற்கும். தொட்டியின் அடியில் சுற்றும் வாரிகள் திணறும், இறைப்பான்கள் இழுக்கமாட்டா. ஆலைப் பொறுப்பாளர் வேறு வழியின்றி நீரைக் கூட்டுவார். ஏற்றிய நீர் அணைக்குப் போகும்.

கடல்நீர் எல்லாக் களியையும் கெட்டிப்படுத்தும் என்று கொள்வதும் பிழை. சோடியம் பென்டோனைட்டு என்னும் வீங்கும் களி, நன்னீரைக் குடித்துப் பன்மடங்கு பருத்துக் குழம்பைக் கூழாக்கிவிடும். கடல்நீரிலோ அதன் வீக்கம் அடங்கிவிடும். நன்னீரில் தொல்லை தரும் அத்தகைய தாதுவுக்குக் கடல்நீர் மருந்தாகவும் அமையலாம். ஒரே நீர், ஒரு களியை இறுக்குகிறது, மற்றொன்றை இளக்குகிறது. ஒரே சுரங்கத்தின் கிழக்கு முகத்துத் தாதுவும் மேற்கு முகத்துத் தாதுவும் வெவ்வேறு களிகளைக் கொண்டிருப்பதும் உண்டு. பொதுவிதி வகுத்துப் பேசுவோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மக்னீசியத்தின் குறும்பு இன்னும் பெரிது. செம்போடு இரும்புப் பைரைட்டும் நுரையேறாமலிருக்க, ஆலைகள் வழக்கமாகச் சுண்ணாம்பிட்டுக் குழம்பின் பி.எச். அளவைப் பத்துக்கு மேல் உயர்த்துவர். நன்னீரில் சிறிதளவு சுண்ணாம்பே போதும். கடல்நீரின் இயல்பான அளவு 8ஐ ஒட்டியது. அதனைப் பத்துக்குமேல் உயர்த்த முனைந்தால் மக்னீசியம் முழுவதும் வெண்ணிற ஐதராக்சைடாக வீழ்படியும்வரை சுண்ணாம்பைத் தின்றுகொண்டே இருக்கும். கணக்கிட்டால் ஒரு கனமீட்டர் கடல்நீருக்கு 3 கிலோ சுட்ட சுண்ணாம்பு அதற்கே போய்விடுகிறது. விளையும் வீழ்படிவும் ஏறத்தாழ 3 கிலோ. கூழ்போன்ற அவ்வீழ்படிவு, செம்போடு கிடைக்கும் விலையுயர்ந்த மாலிப்டினத் துகள்களைப் போர்த்து நுரையேறவிடாது தடுக்கிறது; களித்துகள்களைப் பிணைத்துத் தொடக்கத் தகைவை மேலும் ஏற்றுகிறது. நண்பர் மூன்றாவது உருளையில் கடல்நீரோடு சுண்ணாம்பையும் சேர்த்துக் காட்டினார். முன்பு விரைந்து தெளிந்த அதே கடல்நீரில் வெண்கூழ் நெடுநேரம் தொங்கிக்கொண்டிருந்தது.

துகள்களைச் சேர்த்துப் படியவைக்க ஆலைகள் இடும் நெடுஞ்சங்கிலிப் பொருள்களும் கடல்நீரில் தம் இயல்பை இழக்கின்றன. நன்னீரில் அச்சங்கிலியின் மின்சுமைகள் ஒன்றையொன்று தள்ளுவதால் அது நீண்டு விரிந்து பல துகள்களைப் பற்றும். கடல்நீரில் சுருண்டு பந்தாகிவிடும். நன்னீருக்கென வாங்கிய மருந்தைக் கடல்நீரில் இட்டுவிட்டு மருந்து பயனற்றது என்று பழிப்பது அறியாமை. உப்பைத் தாங்கும் வேறு சங்கிலிகள் உள்ளன. அவற்றைத் தேர்ந்து கொள்ளலாம். அவ்வாறே, சுண்ணாம்பைக் கைவிட்டுக் கடல்நீரின் இயல்பான பி.எச். அளவிலேயே பைரைட்டை அடக்கும் வேறு வேதிப்பொருள்களைக் கையாளலாம். அல்லது ஆலைக்குள் விடுமுன் கடல்நீரிலிருந்து மக்னீசியத்தை மட்டும் நீக்கிக்கொள்ளலாம். வழிகள் பல உண்டு. ஆனால் ஒவ்வொன்றும் ஆலையை வரைபடத்தில் வரையும்போதே முடிவு செய்யத்தக்கது. கட்டி முடித்தபின் ஒட்டுப்போடத்தக்கது அன்று.

உப்பை நீக்கிய நீரையே பயன்படுத்தினால் இத்தொல்லை எதுவுமில்லை என்றும் சிலர் கூறுவர். அதனை நாம் முழுவதும் ஏற்பதற்கில்லை. ஆலையின் நீர் மீண்டும் மீண்டும் சுழல்வது. ஒவ்வொரு சுற்றிலும் தாதுவிலிருந்து கரைவதும் வெயிலில் ஆவியாவதுமாகச் சுழல்நீரில் உப்பு ஏறிக்கொண்டே போகும். முதல்நாள் நன்னீரில் செய்த சோதனை மூன்றாம் ஆண்டின் நீருக்குப் பொருந்தாது. உப்புநீக்கும் ஆலை கடலுக்குத் திருப்பிவிடும் செறிந்த உப்புநீரும் மீனவர் கேள்வி கேட்கத்தக்க ஒன்றே. ஆயினும் களி மிகுந்த, சுண்ணாம்பு தவிர்க்க இயலாத தாதுவுக்கு உப்புநீக்கமே தக்கது எனவும், களி குறைந்த தாதுவுக்குக் கடல்நீரை அப்படியே ஏற்றல் தகும் எனவும் நாம் கருதுகிறோம். முன்னதில் செலவைக் கண்டு அஞ்சுவோர், உப்பிய சேற்றோடு அணைக்குப் போகும் நீரையும் அதே ஏட்டில் எழுதிக்கொள்ள வேண்டும்.

இது பொருட்செலவைப் பற்றிய பேச்சு மட்டும் அன்று. 1965ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் நாள் சிலியில் நிலம் நடுங்கியபோது, எல் கோப்ரே என்னுமிடத்தில் நீர் மிகுந்த கழிவணை உடைந்து, கீழேயிருந்த குடியிருப்பை மூடியது. இருநூறுக்கு மேற்பட்டோர் மடிந்தனர். பிரேசிலின் புருமாதினோவில் 2019 சனவரி 25ஆம் நாள் நிலநடுக்கம் எதுவுமின்றியே இரும்புத் தாதுக் கழிவணை இளகிச் சரிந்து 270 உயிர்களைக் கொண்டது. இவ்விரண்டிலும் கடல்நீருக்குப் பங்கில்லை. அவ்வாறு நாம் கூறவும் மாட்டோம். ஆனால் அணைக்குள் எவ்வளவு நீரை அடைத்து வைக்கிறோம் என்னும் கேள்வி இரண்டிலும் இருந்தது. பஞ்சுபோல் உப்பி, நீரைக் கட்டிவைத்துக் கொள்ளும் கடல்நீர்ச் சேற்றைக் கட்டுவோருக்கு அக்கேள்வி இருமடங்கு பொருந்தும். கசிந்தால் அது உப்பையும் கொண்டு கசியும். பழங்குடியினரின் ஊற்றைக் காப்பதற்கென்று கடலிலிருந்து ஏற்றிய நீர், அதே ஊற்றின் மேற்புறத்தில் உப்பாகத் தங்குமாயின் அதனை யார் பொறுப்பேற்பது?

ஆதலால் சுரங்கத்துக்கு அனுமதி வழங்குவோர் கேட்க வேண்டியவற்றைத் தெளிவாகக் கூறிவிடலாம். குழம்பின் தொடக்கத் தகைவை எந்த நீரில் அளந்தீர்கள்? வாலைவடிநீரிலா, குழாய்நீரிலா, அல்லது அந்தக் கடற்கரையில் முகந்த நீரிலா? எத்தனை வகைக் களியோடு? சுண்ணாம்பு சேர்த்தபின் அளந்தீர்களா, சேர்க்குமுன்னா? பலமுறை சுழன்ற நீரில் அளந்தீர்களா? இவ்வெண்களை ஊர்மக்கள் தம் மொழியில் படித்தறியுமாறு வெளியிட்டீர்களா? கடைசி வினா வேதியியலார் பொறுப்பன்று. மொழி கற்பிப்போர் பொறுப்பு. தமிழ்த்துறை மலரில் இக்கட்டுரை இடம்பெறுவதற்கு வேறு காரணம் தேவையில்லை.

உருளைகள் மூன்றும் வேதியியல் ஆய்வகத்தின் சன்னலோரத்தில் வைக்கப்பட்டுள்ளன. தமிழ் இளங்கலை மாணவர்கள் சென்று பார்க்கலாம்; குலுக்காமல் பார்க்குமாறு நண்பர் வேண்டிக்கொள்கிறார்.